செங்கோட்டை கிட்டப்பா: 27 வயசில் நின்ற குரல்... அந்தப் பாட்டை அப்புறம் யார் பாடினாங்க?

நீங்க லிங்கின் பார்க் ரசிகரா? அப்போ 2024 நவம்பரில் 'ஃப்ரம் ஜீரோ' ஆல்பம் வந்தப்போ உங்க வாட்ஸ்அப் குரூப்பிலும் ஒரு சண்டை நடந்திருக்கும். பாடகர் செஸ்டர் பென்னிங்டன் 2017-ல் இறந்தார். ஏழு வருஷம் கழிச்சு, எமிலி ஆம்ஸ்ட்ராங் என்கிற புதுப் பாடகியோடு அந்த பேண்ட் திரும்பி வந்தது. போனவர் பாட்டை இன்னொருத்தர் பாடலாமா, கூடாதா என்பதுதான் சண்டையே.

இதே கேள்வி 90 வருஷத்துக்கு முன்னாடி தமிழ்நாட்டிலும் இருந்தது. அதுக்குக் காரணமானவர், நீங்க சாரல் சீசனுக்குக் குற்றாலம் போறீங்களே, அங்கிருந்து வண்டியில் கால் மணி நேரத் தூரத்தில் பிறந்தவர். பேரு எஸ்.ஜி.கிட்டப்பா. எஸ் என்றால் செங்கோட்டை, ஜி என்றால் அப்பா கங்காதர ஐயர்.

மைக் இல்லாத சூப்பர் ஸ்டார்

1906 ஆகஸ்ட் 25-ல் பிறந்தார் கிட்டப்பா. இன்னிக்குத் தென்காசி மாவட்டத்தில் இருக்கிற செங்கோட்டை, அப்போ திருவிதாங்கூர் சமஸ்தானத்து ஊர். 1956-ல்தான் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. வீட்டில் பிள்ளைகள் அதிகம், வருமானம் குறைவு. பள்ளிக்கூடம் போக வேண்டிய வயசில், அண்ணன்களோடு சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகக் குழுவுக்குப் போனார். பாட்டு, வசனம், தாளம் எல்லாமே அங்கேதான் படிச்சது. பிறகு கன்னையா கம்பெனி. பிரமாண்டமான செட்டுகளுக்குப் பேர் போன கம்பெனி அது. அங்கே 'தசாவதாரம்' நாடகம் அவரை ஊரறிந்த நடிகராக்கியது.

அந்தக் காலத்து நாடகம் எப்படி இருக்கும் தெரியுமா? ராத்திரி ஆரம்பித்தால் விடிய விடிய நடக்கும். மைக் கிடையாது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் பாட்டு கேட்கணும். அதனால் உச்சஸ்தாயியில் பாடறவர்தான் ராஜா.

இங்கே கொஞ்சம் 'கட்டை' கணக்கு பார்த்துடலாம். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை வரிசையா எண்ணி, எந்தக் கட்டையைச் சுருதியா வைத்துப் பாடறாங்கன்னு சொல்றதுதான் அது. ஆண்கள் வழக்கமா ஒன்று, இரண்டு கட்டையில் பாடுவாங்க. பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை. கிட்டப்பாவோ ஐந்தரைக் கட்டை வரைக்கும் போய் நின்று விளையாடுவார் என்பது அந்தக் கால ரசிகர்கள் ஆயுசுக்கும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்த விஷயம்.

கொழும்பு மேடையில் ஒரு போட்டி

1926 வாக்கில் இலங்கையில் இன்னொரு குரல் கொடிகட்டிப் பறந்தது. கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள். சின்ன வயசில் ரயிலில் பாடிக்கொண்டிருந்த ஏழைப் பெண் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அவரோடு ஒரே மேடையில் கிட்டப்பா நின்றால் யார் ஜெயிப்பார்கள் என்று ரெண்டு பக்கமும் பேச்சு கிளம்பியது.

அப்போ 'ஸ்பெஷல் நாடகம்' என்று ஒரு முறை உண்டு. இப்பவும் தென்மாவட்டத் திருவிழாக்களில் பார்க்கலாம். வெவ்வேறு ஊர் நடிகர்களைத் தனித்தனியா ஒப்பந்தம் செய்து வரவழைப்பாங்க. ஒத்திகை கிடையாது. மேடையில்தான் ஒருத்தரை ஒருத்தர் சந்திப்பாங்க. 'வள்ளி திருமணம்' நாடகத்தில் வேடனாக வரும் முருகனும் வள்ளியும் பாட்டிலேயே தர்க்கம் பண்ணணும். இன்னிக்கு ராப் பேட்டில் பார்க்கிறீங்களே, கிட்டத்தட்ட அதுதான்.

கிட்டப்பா முருகன், சுந்தராம்பாள் வள்ளி. யாரும் யாரையும் வீழ்த்தவில்லை. ரெண்டு பேரும் ஒரே சுருதியில் எதிரும் புதிருமா பாடினதைக் கேட்டு கொழும்பு கிறங்கிப்போச்சு. அந்த ஜோடி தமிழ்நாட்டுக்கும் வந்தது, கிராமபோன் தட்டுகளிலும் ஏறியது. சுதந்திரப் போராட்ட நேரம் அது. தேசியப் பாடல்களையும் மேடையில் பாடினாங்க.

கொண்டாடும் முன் ஒரு நிமிஷம்

1927-ல் ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆனது. ஆனா கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே கிட்டம்மாள் என்கிற மனைவி இருந்தார். காவியக் காதல் என்று இதைச் சொல்லும்போது நாம வசதியா மறந்துவிடுகிற பேரு அது. சுந்தராம்பாளும் நிம்மதியா இருந்துவிடவில்லை. மனக்கசப்பு வந்தது, பிரிவு வந்தது. அவர் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சில் வந்திருக்கின்றன. படித்தால் மனசு கனத்துப்போகும்.

இன்னொரு பக்கம் குடி. ராத்திரி முழுக்கத் தொண்டையைக் கசக்கும் வேலை, ஊர் ஊராகப் பயணம், கூட்டம் கேட்கக் கேட்க இன்னும் உச்சத்துக்குப் போகணும் என்கிற நெருக்கடி. உடம்பு தாங்கவில்லை. 1933 டிசம்பர் 2-ல் கிட்டப்பா இறந்தார். வயசு 27.

ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், ஜானிஸ் ஜாப்ளின், கர்ட் கோபேன், ஏமி வைன்ஹவுஸ் எல்லோரும் போனதும் 27-ல்தான். இவங்களை '27 கிளப்' என்று ராக் ரசிகர்கள் ஒரு மாதிரி பெருமையோடவே சொல்றாங்க. கிட்டப்பா கதையைக் கேட்டால் அதில் பெருமைப்பட ஒண்ணும் இல்லைன்னு புரியும். 27 என்பது ஒரு பாடகன் பக்குவப்பட ஆரம்பிக்கிற வயசு. முதல் தமிழ் பேசும் படம் 'காளிதாஸ்' 1931-லேயே வந்துவிட்டது. இன்னும் சில வருஷம் இருந்திருந்தால் அவர் முகத்தையும் நாம படத்தில் பார்த்திருப்போம். ஒரு படத்திலும் நடிக்காமலே போய்விட்டார்.

ரெண்டு விதமான கம்பேக்

சுந்தராம்பாளுக்கு அப்போ 25 வயசு. வெள்ளைப் புடவைக்கு மாறினார். இனி எந்த ஆண் நடிகரோடும் ஜோடி சேர்வதில்லை என்று முடிவெடுத்தார். கிட்டப்பாவின் இடத்தில் இன்னொருத்தரை நிறுத்த அவருக்கு மனசில்லை. ஆனா பாட்டை நிறுத்தவில்லை. 1935-ல் 'நந்தனார்' படத்தில் ஆண் வேஷத்தில், நந்தனாராகவே திரும்பி வந்தார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அன்றைக்கு இந்தியாவே வாயைப் பிளந்த தொகை. 1953-ல் ஜெமினியின் 'ஔவையார்' அவரை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. 1980-ல் காலமாகும் வரை அந்த வெள்ளைப் புடவை மாறவே இல்லை.

இன்னொரு கம்பேக், கிட்டப்பா பாட்டுக்கே கிடைத்தது. சோழவந்தான் பக்கம் தென்கரையிலிருந்து ஒரு பையன் அதே உச்சஸ்தாயியோடு வந்தான். டி.ஆர்.மகாலிங்கம். 1945-ல் ஏ.வி.எம்-மின் 'ஸ்ரீவள்ளி' படத்தில் முருகனாக வந்து, கிட்டப்பா மேடையில் பாடிய அதே 'காயாத கானகத்தே' பாட்டைப் பாடினார். ரசிகர்கள் கோவிச்சுக்கவில்லை. கிட்டப்பாவே திரும்பி வந்த மாதிரி கொண்டாடினாங்க. மகாலிங்கமும் பின்னாடி சொந்தப் படங்களில் பணத்தை இழந்து காணாமல்போய், 1958-ல் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' மூலம் மறுபடி எழுந்தது தனிக் கதை.

1965-ல் வந்த 'திருவிளையாடல்' படத்தை டிவியில் எத்தனை தடவை பார்த்திருப்பீங்க? அதில் ஔவையாராக வருபவர் சுந்தராம்பாள். பாணபத்திரராக வருபவர் மகாலிங்கம். கிட்டப்பா இறந்து 32 வருஷம் கழித்து, அவர் இடத்தை யாருக்கும் கொடுக்காதவரும், அவர் பாட்டைத் தொடர்ந்து பாடியவரும் ஒரே படத்தில்! இதில் யார் செய்தது சரி? ரெண்டு பேருமே சரிதான். ஒருத்தர் மனுஷனைக் காப்பாற்றி வைத்தார், இன்னொருத்தர் பாட்டைக் காப்பாற்றி வைத்தார்.

அடுத்த தடவை சாரலில் நனையக் குற்றாலம் போனால், செங்கோட்டைப் பக்கமும் வண்டியைத் திருப்புங்க. யூடியூபில் கிட்டப்பா பேரோடு 'காயாத கானகத்தே' என்று தேடுங்க. சுமார் மூணு நிமிஷம்தான், ஒரு கிராமபோன் தட்டின் ஒரு பக்கம். தட்டு தேய்கிற கரகரப்பு முதலில் கொஞ்சம் தொந்தரவு பண்ணும். பொறுத்துக்கோங்க. அப்புறம் மகாலிங்கம் பாடியதையும் போட்டுக் கேளுங்க. புதுப் பாடகர் சண்டைக்கு உங்க குரூப்பில் சொல்ல உங்களிடம் ஒரு பதில் இருக்கும்.