கடற்கரைக் கல்லூரியில் அரும்பிய காதல். 6 வருஷம் கடல் பிரித்தும் கல்யாணத்தில் முடிந்தது!

மெரினா பீச்சுக்குப் போகிற யாரும் காமராஜர் சாலையில் செக்கச்செவேல் என்று நிற்கும் மாநிலக் கல்லூரியைப் பார்க்காமல் வந்திருக்க முடியாது. அங்கே பௌதிக வகுப்பில் ஒரு பெண் எப்போதும் முன் பெஞ்சில் உட்காருவார். அவருக்குப் பின்னால் உட்கார்ந்து, போர்டைப் பார்க்கிற சாக்கில் அவரையும் பார்த்த மாணவர்தான் பிற்காலத்தில் உலகம் போற்றிய விஞ்ஞானி சந்திரசேகர். 1983-ல் நோபல் பரிசு வாங்கியவர்.

அந்தப் பெண் லலிதா. ஒரு வருஷம் ஜூனியர்.

கண்ணும் கண்ணும் பார்த்துக்கொண்டதற்கும் கழுத்தில் தாலி ஏறியதற்கும் நடுவே 6 வருஷம் ஓடிவிட்டது. அந்த 6 வருஷமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை.

ஐ.சி.எஸ். வேண்டாம்

சந்திரசேகர் பிறந்தது லாகூரில், 1910 அக்டோபர் 19-ந்தேதி. அப்பா சி.சுப்பிரமணிய அய்யர் ரெயில்வே கணக்குப் பிரிவில் பெரிய அதிகாரி. மொத்தம் 10 பிள்ளைகள். அதில் மூத்த ஆண் பிள்ளை இவர்தான். சர் சி.வி.ராமன் இவருக்குச் சித்தப்பா.

1918-ல் குடும்பம் சென்னைக்கு வந்தது. மயிலாப்பூரில் சந்திர விலாஸ் என்று சொந்த வீடு கட்டினார்கள். பையன் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துவிட்டு 1925-ல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார்.

மகன் ஐ.சி.எஸ். பாஸ் பண்ணி கலெக்டர் ஆகவேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அந்தக் காலத்தில் எந்த அப்பாவுக்குத்தான் அந்த ஆசை இல்லை? ஆனால் அம்மா சீதாலட்சுமி, அவனுக்கு எது பிடிக்குமோ அதையே படிக்கட்டும் என்று மகன் பக்கம் நின்றார். அந்த அம்மாள் லேசுப்பட்டவர் இல்லை. இப்சன் எழுதிய நாடகத்தையே தமிழில் மொழிபெயர்த்தவர்.

1928-ல் ஜெர்மன் விஞ்ஞானி சோமர்பெல்டு சென்னைக்கு வந்தபோது, சந்திரசேகர் அவரை நேரில் போய்ப் பார்த்தார். நீ படித்த பௌதிகம் எல்லாம் பழசாகிவிட்டது என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வேறு பையனாக இருந்தால் சோர்ந்து போயிருப்பான். இவர் புதுப் பாடத்தைத் தானாகவே படித்து ஒரு கட்டுரை எழுதி இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே ராயல் சொசைட்டி ஏட்டில் அது அச்சாகிவிட்டது. அப்போது காலேஜ் படிப்பே முடியவில்லை!

முன் பெஞ்சுப் பெண்

லலிதா வீட்டுக் கதை இதைவிடப் பெரிசு. அப்பா துரைசாமி ராணுவ டாக்டர். லலிதா சின்னப் பெண்ணாக இருந்தபோதே அவர் இறந்துவிட்டார். ஆனால் பெண்கள் படித்தே தீரவேண்டும் என்று நின்ற குடும்பம் அது.

லலிதாவின் பெரியம்மா வேறு யாரும் இல்லை, சகோதரி சுப்புலட்சுமி. குழந்தையிலேயே கல்யாணம் பண்ணிவைத்து, குழந்தையிலேயே விதவையானவர். தலையை மழித்து மூலையில் உட்காரவைக்கிற காலத்தில், 1911-ல் இதே மாநிலக் கல்லூரியில் படித்து பி.ஏ. பட்டம் வாங்கினார். பிறகு தன்னைப்போன்ற இளம் விதவைகளைச் சேர்த்துப் படிக்கவைக்க விடுதி நடத்தினார். கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ் கட்டிடத்தில்தான் அந்த விடுதி இயங்கியது.

அந்தப் பெரியம்மாவைப் பார்த்து வளர்ந்த பெண் பௌதிகம் படிக்க வந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனாலும் வகுப்பில் ஆணும் பெண்ணும் ஒரு வார்த்தை பேசினாலே ஊர் பத்து வார்த்தை பேசிய காலம். பெண்ணுக்கு 14 வயதாவது ஆகவேண்டும் என்று சொன்ன சாரதா சட்டமே 1930 ஏப்ரலில்தான் அமலுக்கு வந்தது. அதற்கே ஊரில் எத்தனை கூக்குரல்!

கப்பல் ஏறினார்

அதே 1930-ல் சந்திரசேகருக்கு கேம்பிரிட்ஜில் படிக்க அரசாங்க உதவிச் சம்பளம் கிடைத்தது. வீட்டில் அம்மாவுக்குக் கடுமையான நோய். போவதா வேண்டாமா என்று தவித்தார். போய் வா என்று பிடிவாதமாக அனுப்பிவைத்தவர் அந்த அம்மாவேதான்.

ஜூலை 31-ந்தேதி பம்பாயில் கப்பல் ஏறினார். வயது 19. கப்பலில் சும்மா உட்காராமல் ஒரு கணக்குப் போட்டார். எரிபொருள் தீர்ந்துபோன நட்சத்திரம் கடைசியில் என்ன ஆகும் என்கிற கணக்கு. சின்ன நட்சத்திரம் சுருங்கி அடங்கிவிடும். ஆனால் சூரியனைப்போல சுமார் 1.4 மடங்குக்கு மேல் கனம் இருந்தால் அது அடங்காது, மேலும் மேலும் நொறுங்கும் என்று விடை வந்தது. அதைத்தான் இன்று சந்திரசேகர் எல்லை என்கிறார்கள்.

சென்னையில் லலிதா படிப்பை முடித்தார். ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாகவும் இருந்தார். இருவருக்கும் நடுவே இருந்தது கடிதம் மட்டும்தான். ஒரு கடிதம் போய்ப் பதில் வர வாரக்கணக்கில் ஆகும்.

1931 மே மாதம் அம்மா இறந்துபோனார். மகனால் வந்து முகம் பார்க்க முடியவில்லை.

லண்டனில் தலைகுனிவு

படிப்பில் குறை இல்லை. 1933-ல் டாக்டர் பட்டம், கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் பெலோ பதவி. ஆனால் 1935 ஜனவரி 11-ந்தேதி வந்த அடியை அவர் சாகும்வரை மறந்திருக்க மாட்டார்.

அன்று லண்டனில் வானியல் விஞ்ஞானிகள் கூட்டம். தன் கணக்கைச் சந்திரசேகர் விளக்கிவிட்டு உட்கார்ந்தார். அடுத்து எழுந்தவர் எடிங்டன். அன்றைக்கு வானியலில் அவர் வைத்ததுதான் சட்டம். பல நாள் சந்திரசேகரோடு பேசிப் பழகிக்கொண்டிருந்த அவர், ஒரு நட்சத்திரம் இப்படி அபத்தமாக நடந்துகொள்ளாது என்று கேலி பண்ணினார். சபை சிரித்தது. கணக்கு தப்பு என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் எடிங்டனை எதிர்த்துப் பேசவும் ஆள் இல்லை.

அப்போது 24 வயது. ஊரில் அம்மா இல்லை. மனசு விட்டுப் பேசக்கூடிய பெண் ஆயிரக்கணக்கான மைலுக்கு இந்தப் பக்கம்.

1936 செப்டம்பர்

1936-ல் அமெரிக்காவில் வேலை தேடி வந்தது. ஹார்வர்டும் கூப்பிட்டது, சிகாகோ பல்கலைக்கழகமும் கூப்பிட்டது. சிகாகோவைச் சேர்ந்த யெர்க்ஸ் வானாய்வுக்கூட வேலையைப் பிடித்துக்கொண்டு ஊருக்கு வந்தார்.

செப்டம்பரில் கல்யாணம். பெரியவர்கள் பார்த்துப் பேசி முடித்ததில்லை. பெண்ணும் பிள்ளையும் தாங்களே தேர்ந்துகொண்டது. மணமகன், மணமகள் இருவருக்குமே 25 வயது. அன்றைய கணக்கில் 25 வயசுப் பெண் கல்யாணமாகாமல் வீட்டில் இருப்பது சாதாரண விஷயமா? அதுவும் கப்பலில் போனவர் திரும்பி வருவார் என்ற ஒரே நம்பிக்கையில்!

கல்யாணத்துக்கு வந்த இடத்தில் இன்னொரு காரியமும் செய்தார். கணித மேதை ராமானுஜத்தின் படம் ஒன்று வேண்டும் என்று பேராசிரியர் ஹார்டி கேம்பிரிட்ஜில் கேட்டிருந்தார். ராமானுஜத்தின் மனைவி ஜானகி அம்மாளைச் சென்னையில் தேடிக் கண்டுபிடித்து, பாஸ்போர்ட்டில் இருந்த படத்தை வாங்கிப்போனார். இன்று பாடப்புத்தகங்களில் எல்லோரும் பார்க்கும் ராமானுஜம் முகம் அதுதான்.

ஏரிக்கரை ஊரில்

புது மணத் தம்பதி இங்கிலாந்து போய், அங்கிருந்து அமெரிக்கா போனார்கள். விஸ்கான்சின் மாநிலத்தில் வில்லியம்ஸ் பே என்ற ஏரிக்கரைச் சிற்றூர். மயிலாப்பூர் வெயிலில் வளர்ந்தவர்களுக்குக் குளிர்காலத்தில் முழங்கால் பனி. சுத்த சைவச் சாப்பாடு. வெள்ளைக்கார ஊரில் இரண்டே இரண்டு கருப்பு முகம்.

நிற வெறியும் இல்லாமல் இல்லை. 1938-ல் இவர் சிகாகோவில் வகுப்பு எடுக்கக் கூடாது என்று அங்கிருந்த டீன் தடுத்தார். காரணம் தோல் நிறம். பல்கலைக்கழகத் தலைவர் ஹட்சின்ஸ் தலையிட்டுத்தான் வகுப்பு நடந்தது.

பிற்பாடு அந்தச் சிகாகோ வகுப்புக்கு 80 மைலுக்கு மேல் தானே கார் ஓட்டிப்போய்ப் பாடம் நடத்தினார். அதில் படித்த சீன மாணவர்கள் லீ, யாங் இருவரும் 1957-லேயே நோபல் பரிசு வாங்கிவிட்டார்கள். வாத்தியாருக்குக் கிடைக்க அதற்கு மேலும் 26 வருஷம் ஆயிற்று.

லலிதா என்ன ஆனார்? எல்லோரும் கேட்க மறக்கிற கேள்வி இதுதான். அவரும் பௌதிகம் படித்தவர். யெர்க்ஸ் போன புதிதில் தானும் வகுப்புகளுக்குப் போய்ப் படிக்கத்தான் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். ராத்திரி பகல் பாராமல் மேஜையே கதி என்று கிடந்த கணவர், வருகிற மாணவர்கள், விருந்தாளிகள், வீடு என்று அவர் நாள் போனது. குழந்தைகள் இல்லை. ஐஸ் ஹவுஸ் பெரியம்மாவின் வீட்டுப் பெண் பெயர் எந்த விஞ்ஞானக் கட்டுரையிலும் வரவில்லையே என்று நினைத்தால் கொஞ்சம் மனசு உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் முடிவு அவருடையது. நோபல் பரிசு சமயத்தில் எழுதிய வாழ்க்கைக் குறிப்பில், தன் வாழ்க்கைக்கு ஆதாரமே லலிதாதான் என்ற பொருளில் சந்திரசேகரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

லண்டனில் சிரித்தார்களே, அந்தக் கணக்குதான் கடைசியில் ஜெயித்தது. கனமான நட்சத்திரங்கள் நொறுங்கி நியூட்ரான் நட்சத்திரமாகவும் கருந்துளையாகவும் ஆவது பின்னாளில் உறுதியானது.

1995 ஆகஸ்டு 21-ந்தேதி சிகாகோவில் சந்திரசேகர் காலமானார். 59 வருஷத் தாம்பத்தியம் நிறைய இன்னும் சில நாளே பாக்கி இருந்தது.

1999 ஜூலை 23-ந்தேதி அமெரிக்காவின் புளோரிடாவில் இருந்து கொலம்பியா விண்கலம், சந்திரா என்று அவர் பெயர் வைத்த எக்ஸ்ரே தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. விண்கலத்துக்குத் தலைமை தாங்கியவர் ஐலீன் காலின்ஸ். ஒரு பெண் அந்தப் பொறுப்பில் போனது அதுவே முதல் தடவை. அது கிளம்புவதைப் பார்க்க வந்தவர்களில் 88 வயது லலிதாவும் ஒருவர்.

அதற்குப் பிறகும் 14 வருஷம் வாழ்ந்தார். 2013 செப்டம்பரில், 102-வது வயதில் கண்ணை மூடினார்.