ஆனந்தரங்கர் வைத்துச்சென்ற ஏடுகள்

பழைய கடிதமோ கணக்கேடோ இல்லாத வீடு அரிது. அவற்றைப் பேணிக் காக்கும் வீடு அதனினும் அரிது. கறையானும் இராமபாணப் பூச்சியும் கடற்காற்றின் ஈரமும் தாளை எளிதில் அழித்துவிடும். ஆயினும், கடலோர நகரமாகிய புதுச்சேரியில், ஒரு குடும்பத்தாரிடம் எண்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்த தாள்கள் அழியாது தப்பின. அவற்றை எழுதி வைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை.

அவர் 1709ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 30ஆம் நாள் சென்னைப் பெரம்பூரில் பிறந்தார். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை, மைத்துனர் நைனியப்ப பிள்ளையின் அழைப்பை ஏற்றுப் புதுச்சேரியில் குடியேறினார். தந்தைக்குப்பின் மகனும் வாணிகத்தில் வளர்ந்தார்; பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேயின் நம்பிக்கைக்கு உரியவராகி, 1747இல் தலைமைத் துபாஷி ஆனார். ஆளுநருக்கும் நாட்டு மக்களுக்கும் இடையே நின்று பேசுபவரே துபாஷி. ஆதலால், நகரில் நடப்பன யாவும் அவர் காதுக்கு எட்டின.

கேட்டவற்றையும் கண்டவற்றையும் 1736 செப்டம்பர் 6 முதல் அவர் எழுதி வந்தார். கப்பல்களின் வரவு, சரக்கின் விலை, திருமணங்கள், வழக்குகள், அதிகாரிகளின் பூசல்கள் ஆகிய எல்லாம் அதில் உண்டு. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியதும், 1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டதும் நாள்தோறும் நடந்தபடி பதிந்துள்ளன. அச்சிட வேண்டுமென்றோ பிறர் புகழ வேண்டுமென்றோ அவர் எழுதவில்லை. அதனாலேயே அக்குறிப்பில் ஒளிவுமறைவு குறைவு.

1756இல் பதவி அவரை விட்டு நீங்கியது. நோயும் வருத்தியது. எனினும், குறிப்பு நிற்கவில்லை. 1761 சனவரி 12ஆம் நாள் அவர் மறைந்தார். நான்கே நாளில் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டையும் ஐரோப்பியர் குடியிருப்பும் இடித்துத் தள்ளப்பட்டன. அத்தகைய அழிவினிடையேயும் ஏடுகள் குடும்பத்தாரிடமே தங்கின. தம்பி மகன் திருவேங்கடம் பிள்ளை, பெரிய தந்தையாரின் வழக்கத்தை விடாது தாமும் நாட்குறிப்பு எழுதினார். தாமும் எழுதுகின்ற ஒருவர் முன்னோர் எழுதியதை எறிந்துவிட எளிதில் மனம் கொள்ளார் அன்றோ?

1846இல் கலுவா-மொம்பிரேன் என்னும் பிரெஞ்சு அலுவலர் அவ்வேடுகளைக் கண்டார். அவற்றின் அருமையை உணர்ந்து படியெடுக்கச் செய்தார். எதுவார் ஆரியேல் என்பவரும் மற்றொரு படி எடுத்தார். அது பாரிசு நகரத் தேசிய நூலகத்தைச் சேர்ந்தது. பெட்டியில் பூட்டிய தாள் ஒன்றே. படியெடுத்ததோ ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வாழும். சென்னை அரசு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. பின்னர்த் தமிழ் மூலமும் புதுச்சேரியில் அச்சேறியது. மூல ஏடுகளுள் சில இதற்குள் சிதைந்தும் தொலைந்தும் போயின. அவற்றிற்குரிய நாட்களை அறிய, அன்று எடுத்த படிகளே இப்போது துணை செய்கின்றன.