ஃபிரிஸ்கோவின் முதுபெரும் கவிஞர் இனா கூல்பிரித்

சான் பிரான்சிஸ்கோ நகரை மாலுமிகளும் வெளியூராரும் சுருக்கமாக ஃபிரிஸ்கோ என்றழைப்பர். 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் விடியற்காலை அந்நகரம் நிலநடுக்கத்தால் குலுங்கியது. நடுக்கத்திற்குத் தப்பிய வீடுகளைத் தொடர்ந்து மூண்ட பெருந்தீ விழுங்கிற்று. ரஷ்யன் ஹில் என்னும் குன்றில் வாழ்ந்த அறுபத்தைந்து வயது மூதாட்டி ஒருவர் தமது பூனையுடன் வீட்டை விட்டு வெளியேறினார். நண்பரான கவிஞர் வோக்கீன் மில்லர், வளைகுடாவின் மறுகரையிலிருந்து புகையைக் கண்டு படகேறி வந்தார். கொள்ளையரைத் தடுக்கக் காவல் நின்ற படையினர் அவரையும் உள்ளே விடவில்லை. வீடு முற்றாக எரிந்தது.

அவ்வீட்டில் ஏறத்தாழ மூவாயிரம் நூல்கள் இருந்தன. எழுத்தாளர் பலரின் கடிதங்கள் இருந்தன. கலிபோர்னியாவின் இலக்கிய வரலாற்றைத் தமது நினைவிலிருந்து அம்மூதாட்டி எழுதிவந்த கைப்பிரதியும் இருந்தது. எல்லாம் சாம்பலாயின. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்ட சேதியைச் சுமந்து வாழும் நமக்கு, ஏடு எரிந்தவரின் துயரைப் பிறர் விளக்க வேண்டியதில்லை. ஃபிரிஸ்கோவின் தீ இயற்கையின் சீற்றம் என்பதே வேறுபாடு.

அந்த மூதாட்டியே இனா கூல்பிரித் அம்மையார். அவரது இயற்பெயர் யோசபின் டோனா சிமித். 1841 மார்ச் 10ஆம் நாள் இலினோய் மாநிலத்தின் நோவூ என்னும் ஊரில் பிறந்தார். மோர்மன் சமயத்தைத் தோற்றுவித்த யோசப் சிமித் இவரது பெரிய தந்தையார். தந்தை அவ்வாண்டே காய்ச்சலால் இறந்தார். தாயார் மறுமணம் புரிந்து, பழைய சமயத் தொடர்புகளை மறைத்து, 1851இல் குடும்பத்துடன் மாட்டு வண்டியில் மேற்கு நோக்கிப் புறப்பட்டார். சியெரா மலைத்தொடரில் புதிய கணவாய் ஒன்றின் வழியே அவர்களை அழைத்துச் சென்றவர் யிம் பெக்வேர்த் என்னும் கறுப்பின வழிகாட்டி. அவரது குதிரையில் அவருக்கு முன்னே அமர்ந்து பத்து வயதுச் சிறுமி கலிபோர்னியாவுக்குள் நுழைந்தாள்.

லொஸ் ஏஞ்சலிசில் பதினைந்து வயதிலேயே அவரது கவிதைகள் பத்திரிகையில் வெளிவந்தன. பதினேழு வயதில் மணம் நடந்தது. பெற்ற குழந்தை இறந்தது. சந்தேகமும் வன்முறையும் நிறைந்த அம்மணவாழ்வு 1861இல் விவாகரத்தில் முடிந்தது. மறு ஆண்டு சான் பிரான்சிஸ்கோவுக்கு இடம்பெயர்ந்து, தாயின் குடும்பப் பெயரைத் தமதாக்கி இனா கூல்பிரித் ஆனார். பிறப்பையும் மணத்தையும் இழந்த மகவையும் வாழ்நாள் முழுவதும் வெளியுலகிற்கு மறைத்தே வைத்தார். புதிய ஊரில் புதிய பெயரோடு வாழ்வு தொடங்குவோர் எவருக்கும் அதன் நிம்மதியும் பாரமும் தெரியும்.

1868இல் தொடங்கிய ஓவர்லாண்ட் மந்த்லி இதழில் பிரெட் ஹார்ட், சார்ல்ஸ் வாரன் ஸ்டொடார்ட் ஆகியோருடன் அவர் இணைந்து உழைத்தார். பிறகு ஹார்ட் கிழக்கே சென்று புகழ் பெற்றார். ஸ்டொடார்ட் தென்கடல் தீவுகளைச் சுற்றினார். மில்லர் இலண்டனில் கொண்டாடப்பட்டார். பைரனின் கல்லறையில் மில்லர் வைத்த மலர்வளையம் இனா தம் கையால் தொடுத்துக் கொடுத்தது. தொடுத்தவரால் கடல் கடக்க முடியவில்லை. நோயுற்ற தாயார், 1874இல் இறந்த தமக்கையின் இரு பிள்ளைகள், மில்லர் ஒப்படைத்துச் சென்ற அவரது மகள் என அத்தனை பேருக்கும் உணவளிக்கும் பொறுப்பு அவர் தோளில் இருந்தது.

அவ்வாண்டே ஒக்லண்ட் நூலகத்தில் நூலகராக அமர்ந்தார். மாதச் சம்பளம் எண்பது டொலர். வாரத்தில் ஆறு நாள், நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை. ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. கவிதை எழுதும் பொழுது அருகிற்று. ஆயினும் கலைக்கு அவர் செய்த தொண்டு நிற்கவில்லை. வறிய சிறுவன் ஒருவன் தேடிவந்த நூலைக் கண்டு மெச்சி, மேலும் பல நூல்களைத் தேர்ந்து கொடுத்தார். அச்சிறுவன் பின்னாளில் உலகறிந்த ஜாக் லண்டன். நடனக் கலைஞர் இசடோரா டங்கனும் இளமையில் அவர் காட்டிய நூல்களைப் படித்தவரே. 1892இல் நிர்வாகத்தினர் அவரைப் பணியிலிருந்து நீக்கினர். அவரிடத்தில் நியமிக்கப்பட்டவர் அவரே வளர்த்த தமக்கையின் மகன். அந்த அடி அவர் நெஞ்சில் நெடுநாள் ஆறாதிருந்தது.

இத்தகைய வாழ்வின் மேல்தான் 1906ஆம் ஆண்டின் தீ விழுந்தது. ஆனால் முதுமையில் எல்லாம் இழந்தவரின் கதை அங்கு முடியவில்லை. கொடுத்தே பழகியவருக்குத் திரும்பக் கொடுக்க நண்பர் முன்வந்தனர். நாவலாசிரியர் கெர்ட்ரூட் அதர்டன் முதலியோர் நிதி திரட்டினர். மார்க் டுவெய்ன் தாம் கையொப்பமிட்ட நிழற்படங்களை விற்பனைக்கு அனுப்பினார். ரஷ்யன் ஹில்லில் அவருக்குப் புதிய வீடொன்று எழுந்தது. எரிந்த வரலாற்று நூலை மட்டும் அவர் மீண்டும் எழுதவில்லை. அதன் சாட்சியமெல்லாம் தீயோடு போயிற்று. அன்றியும், நினைவை முழுமையாகத் திறந்தால் தாம் காத்த இரகசியங்களும் வெளிவரும்.

அதற்கு மாறாக அவர் கவிதைக்குத் திரும்பினார். குடும்பச் சுமையும் உத்தியோகமும் நீங்கிய நிலையில், எழுபதைக் கடந்த பின்னர், நண்பர் உதவியால் நியூயோர்க் நகரில் பல குளிர்காலங்களைக் கழித்தார். மூட்டுவலியால் கைகள் வருந்திய அக்காலத்தில், முந்தைய பல்லாண்டுகளில் எழுதியதிலும் அதிகமாக எழுதினார். இளம் பியானோக் கலைஞர் ஒருவருடன் நெருங்கிய நட்புப் பூண்டு, கடிதங்களால் அவரை ஊக்குவித்தார். தலைமுறை இடைவெளி அந்த அன்புக்குத் தடையாகவில்லை.

1915 யூன் 30ஆம் நாள், சான் பிரான்சிஸ்கோ உலகக் கண்காட்சியில் கலிபோர்னியாவின் அரசவைக் கவிஞராக அவர் முடிசூட்டப்பட்டார். அமெரிக்க மாநிலமொன்று அவ்வாறு ஒருவரைப் போற்றியது அதுவே முதன்முறை. அவ்வேளையில் அவர் தம் புகழைப் பேசாது, ஓவர்லாண்ட் காலத்துத் தோழி யோசபின் மக்ராக்கனைச் சபையோருக்கு நினைவூட்டினார். பழைய கூட்டத்தில் எஞ்சியிருந்த அத்தோழி, முதிர்ந்த வயதிலும் பத்திரிகை வேலை செய்து பிழைத்துவந்தார்.

1923இல் கவிஞர் எட்வின் மார்க்கம் நியூயோர்க் விடுதியொன்றில் அவரை நோயிலும் வறுமையிலும் கண்டு உதவி தேடினார். கலிபோர்னியா திரும்பிய அம்மையாரை பெர்க்லியில் தமக்கையின் மகள் பேணினார். ஒரு பிள்ளையின் நியமனத்தால் வந்த மனக்காயத்தை மற்றப் பிள்ளையின் பணிவிடை ஓரளவு ஆற்றியிருக்கும் என்று நம்பலாம். பின்னாளில் நிழற்படக் கலையில் புகழெய்திய இளைஞர் அன்சல் அடம்ஸ் அங்கு வந்து, வெண்ணிற முக்காடணிந்த அவரையும் அவரது வெள்ளைப் பூனையையும் படம் பிடித்தார்.

1928 பெப்ரவரி 29ஆம் நாள் அம்மையார் காலமானார். அவரது இறுதிக் கவிதைகள் மறு ஆண்டு நூலாயின. ஒக்லண்டில் உள்ள அவரது கல்லறையில் 1986 வரை பெயர்க்கல் கூட இருக்கவில்லை. எனினும் சிறுமியாகக் குதிரையில் கடந்த கணவாயின் அருகே ஒரு மலைச்சிகரமும், ரஷ்யன் ஹில்லில் ஒரு பூங்காவும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

அடுப்பையும் பிள்ளைகளையும் வேலையையும் கவனித்தபடி, எழுதவேண்டியதை நாளைக்கு என்று ஒத்திவைத்திருப்போர் நம்மிடையே பலருளர். எரிந்த ஏட்டை இனா அம்மையாரால் மீட்க முடியவில்லை. மிஞ்சிய நாளையும் நண்பரையும் கொண்டு வேறோர் ஏட்டை எழுதினார். எழுபது வயதும் அதற்குப் பிந்திய வயதன்று.