பழி சுமந்த விஞ்ஞானி

நான் ஆரம்பப் பள்ளியில் படித்த நாட்களில், காலரா ஊசி போட ஆள் வருகிறார்கள் என்றாலே பள்ளிக்கூடம் அல்லோலகல்லோலப்படும். பின்பக்க ஜன்னல் வழியே குதித்து ஓடிய பையன்களில் நானும் ஒருவன். (வாத்தியார் ஆன பிறகு, அப்படி ஓடியவர்களைப் பிடித்து வந்து வரிசையில் நிறுத்தியதும் நானேதான்!) அந்தக் காலரா ஊசியை நம் நாட்டுக்குக் கொண்டு வந்தவர் பெயர் வால்டெமார் ஹாஃப்கின்.

1860ஆம் ஆண்டு, அன்றைய ரஷ்யப் பேரரசில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார் ஹாஃப்கின். ஒடெசா நகரில் விலங்கியல் படித்தார். கெட்டிக்கார மாணவர். ஆனால் யூதர் என்பதால் அங்கே பேராசிரியராக முடியாது. மதம் மாறினால் பதவி கிடைக்கும் என்றார்கள். அவர் மறுத்துவிட்டார். ஊரை விட்டுக் கிளம்பி, பாரிஸில் லூயி பாஸ்டரின் ஆய்வு நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே கிடைத்தது நூலக உதவியாளர் வேலைதான். பகலில் புத்தகம் அடுக்குவார். ஓய்வு நேரத்தில் ஆய்வுக்கூடத்தில் காலராக் கிருமிகளோடு மல்லுக்கட்டுவார்.

முயல், கினிப்பன்றி என்று சோதித்துப் பார்த்தாயிற்று. மனிதனுக்குப் போட்டால் என்ன ஆகும்? 1892 ஜூலை 18 அன்று ஊசியைத் தன் உடம்பிலேயே போட்டுக்கொண்டார். காய்ச்சல் வந்தது, போனது. வேறொன்றும் ஆகவில்லை.

காலரா அதிகம் தாக்கும் நாட்டில் போய்ச் சோதிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. முன்பு இந்தியாவில் வைஸ்ராயாக இருந்த டஃப்ரின் பிரபு அப்போது பாரிஸில் பிரிட்டிஷ் தூதராக இருந்தார். அவர் கைகாட்டிய நாடு இந்தியா. 1893இல் ஹாஃப்கின் இங்கே வந்து இறங்கினார்.

கல்கத்தாவின் குடிசைப் பகுதிகளில் அந்நாளில் குளம்தான் எல்லாவற்றுக்கும். குளிப்பதும் துணி துவைப்பதும் அதில்தான், குடிப்பதும் அதில்தான். ஒரு வீட்டில் வாந்திபேதி கண்டால் குளத்தைச் சுற்றியுள்ள வீடுகளுக்கெல்லாம் பரவிவிடும். அங்கே ஊசியோடு போய் நின்றால் யார் கையை நீட்டுவார்கள்? வெள்ளைக்காரர் எதையோ உடம்பில் ஏற்றுகிறார் என்று பயந்தார்கள். அந்தப் பயத்தில் தப்பில்லை என்பேன். அவர்களுடைய நன்மைக்கு என்று சொல்லிக்கொண்டு அதுவரை வந்தவர்கள் பெரும்பாலும் வரி வாங்க வந்தவர்கள்தானே!

ஹாஃப்கின் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. வங்காளி டாக்டர்களைக் கூட வைத்துக்கொண்டார். மக்கள் கண்ணெதிரே தாங்களே ஊசி போட்டுக் காட்டினார்கள். 1894இல் ஒரு குடிசைப் பகுதியில் சுமார் 200 பேரில் 116 பேர் போட்டுக்கொண்டார்கள். பிறகு அங்கே காலரா வந்தபோது, போடாதவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். செய்தி வாய் வழியாகப் பரவியது. அதன் பிறகு அவரைத் தேடி ஆட்களே வந்தார்கள். அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களும் போட்டுக்கொண்டார்கள். அலைந்த அலைச்சலில் அவருக்கு மலேரியா கண்டதுதான் மிச்சம்.

1896இல் பம்பாயில் பிளேக் வந்தது. துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வி பகுதியில், காற்றும் வெளிச்சமும் இல்லாத அறைகளில் கூலிக்காரர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடத்தில் தொடங்கியது. அரசாங்கம் வீடு வீடாகச் சோதனை போட்டது. நோயாளிகளைப் பிரித்துக் கொண்டுபோனது. ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஓடினார்கள். அவர்களோடு நோயும் ஓடியது.

ஹாஃப்கினுக்கு மருத்துவக் கல்லூரியில் ஒரு சின்ன அறையும் தாழ்வாரமும் ஒதுக்கினார்கள். ஒரு குமாஸ்தா, மூன்று பியூன்கள். அவ்வளவுதான் பட்டாளம்! கிருமியை வளர்க்க இறைச்சிச் சாறு வேண்டும். மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் ஆகாதவர்கள் உண்டே என்று ஆட்டிறைச்சியில் காய்ச்சினார். சாற்றின் மேல் சில சொட்டு நெய் விட்டார். நெய்யைப் பிடித்துக்கொண்டு கிருமிகள் விழுதுபோலத் தொங்கி வளர்ந்தன. பிறகு சூடேற்றிக் கொன்று மருந்தாக்கினார். மூன்றே மாத வேலை. 1897 ஜனவரி 10 அன்று இதையும் முதலில் தனக்கே போட்டுக்கொண்டார்.

அந்த மாதமே பைகுல்லா சிறைக்குள் பிளேக் நுழைந்தது. விரும்பி முன்வந்த 147 கைதிகளுக்கு ஊசி போட்டார். அடுத்து வந்த நாட்களில், போட்டவர்களில் நோய் கண்டவர்கள் ஓரிருவர்தான். போடாதவர்களில் பலர் படுத்தார்கள். சிலர் இறந்தே போனார்கள். ஆகா கான் எல்லோர் முன்னிலையிலும் ஊசி போட்டுக்கொள்ள, அவரைப் பின்பற்றும் மக்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். 1899இல் பரேலில் இருந்த பழைய கவர்னர் மாளிகையே ஆய்வுக்கூடமாயிற்று.

இனிமேல்தான் கதையின் துக்கமான பகுதி.

1902 அக்டோபர் 30. பஞ்சாபில் முல்கோவால் என்ற கிராமம். 107 பேருக்கு ஊசி போட்டார்கள். ஐந்து புட்டி மருந்து செலவாயிற்று. சில நாட்களில் 19 பேருக்கு டெட்டனஸ் என்கிற ரண ஜன்னி கண்டது. 19 பேருமே இறந்தார்கள். அவ்வளவு பேரும் ஒரே புட்டியிலிருந்து போட்டுக்கொண்டவர்கள். மற்ற 88 பேருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அரசாங்கம் விசாரணைக் குழு அமைத்தது. ஆய்வுக்கூடத்திலேயே மருந்து கெட்டிருக்க வேண்டும் என்றது குழு. நிறைய மருந்து சீக்கிரம் வேண்டியிருந்ததால், ஹாஃப்கின் கார்பாலிக் அமிலம் சேர்ப்பதை விட்டுவிட்டுச் சூட்டை மட்டும் நம்பும் முறைக்கு மாறியிருந்தார். அதுதான் குற்றம் என்றார்கள். அவர் மருத்துவப் பட்டம் பெறாதவர், வெளிநாட்டவர், யூதர். பரிந்து பேச ஆளில்லை. பதவியை இழந்து லண்டனுக்குத் திரும்பினார்.

ஆனால் விசாரணையில் இன்னொரு சாட்சியமும் இருந்தது. கிராமத்தில் அந்தப் புட்டியைத் திறக்கும்போது உதவியாளர் கையிலிருந்த இடுக்கி தரையில் விழுந்தது. மண்ணில் ரண ஜன்னிக் கிருமி இருக்கும். அவர் இடுக்கியைக் கொதிக்க வைக்கவில்லை. கார்பாலிக் கரைசலில் ஓர் ஆட்டு ஆட்டிவிட்டு, அதைக் கொண்டே தக்கையைப் பிடுங்கினார். தவிர, ரண ஜன்னிக் கிருமி புட்டிக்குள் நாள் கணக்கில் வளர்ந்திருந்தால், திறந்ததும் நாற்றம் அடித்திருக்கும். அன்று யாருக்கும் நாற்றம் தெரியவில்லை. இந்தச் சின்ன விஷயத்தைப் பெரிய மனிதர்கள் கவனிக்கவில்லை!

கவனித்தவர் ரொனால்டு ராஸ். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்றவர். அவரும் வேறு சில அறிஞர்களும் சேர்ந்து 1907இல் லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் ஹாஃப்கினுக்காக வாதாடினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் பழி நீங்கியது. ஐந்து வருடம் ஆயிற்று, ஒரு இடுக்கியின் கதை வெளியே வர!

ஹாஃப்கின் மறுபடி இந்தியாவுக்கு வந்தார். ஆனால் பம்பாயில் அவருடைய இடம் காலியாக இல்லை. கல்கத்தாவில் ஒரு வேலை கொடுத்தார்கள். மக்களிடம் புதிய மருந்தைச் சோதிக்க மட்டும் அனுமதியில்லை. 55 வயதை எட்டும் சமயம் ஓய்வு பெற்று ஐரோப்பாவுக்குப் போய்விட்டார். 1930 அக்டோபர் 26 அன்று சுவிட்சர்லாந்தில் லோசான் நகரில் காலமானார். அவர் கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை.

பிளேக் நம் நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. 1897 முதல் 1925 வரை பம்பாயிலிருந்து அனுப்பப்பட்ட பிளேக் தடுப்பூசி மருந்து மட்டும் 2 கோடியே 60 லட்சம் பேருக்குப் போடக்கூடிய அளவு. 1925இல் பரேல் ஆய்வுக்கூடத்துக்கு ஹாஃப்கின் நிலையம் என்று பெயர் வைத்தார்கள். 1964இல் அவர் உருவத்தோடு இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது. பிற்காலத்தில் போலியோ சொட்டு மருந்தும் அவர் பெயர் தாங்கிய அந்தப் பரேல் வளாகத்தில் தயாராயிற்று.