அனிதா முய்

அனிதா முய் (அக்டோபர் 10, 1963 – டிசம்பர் 30, 2003) ஹொங்கொங்கைச் சேர்ந்த புகழ்பெற்ற பாடகியும் திரைப்பட நடிகையும் ஆவார். இவரது சீனப் பெயர் முய் யிம் ஃபொங் என்பதாகும். கண்டோனீய மொழியில் பாடப்படும் கண்டோபாப் எனும் மெல்லிசை செல்வாக்குடன் விளங்கிய 1980களில், அத்துறையின் முதன்மைப் பெண் கலைஞராக இவர் திகழ்ந்தார். தாழ்ந்த, கனமான குரலும், மேடைக்கு மேடை மாறும் தோற்றமும் இவரது தனித்தன்மைகளாகும். நான்கரை வயதில் பிழைப்புக்காக மேடையேறிய இவர், இறப்பதற்கு ஆறு வாரங்களுக்கு முன்பு வரை மேடையிலேயே இருந்தார். ஹொங்கொங் மக்கள் இவரை "ஹொங்கொங்கின் மகள்" என அழைக்கின்றனர்.

இளமைக்காலம்

அனிதா முய் 1963 ஆம் ஆண்டு ஹொங்கொங்கில் ஓர் ஏழைக் குடும்பத்தின் கடைசிக் குழந்தையாகப் பிறந்தார். இரு அண்ணன்களும் ஆன் முய் எனும் அக்காவும் இவருக்கு இருந்தனர். இவர் சிறு குழந்தையாக இருந்தபோதே தந்தை இறந்துவிட்டார். குடும்பப் பொறுப்பை ஏற்ற தாயார் ஓர் ஆடல் பாடல் குழுவை நடத்திப் பிள்ளைகளை வளர்த்தார்.

நான்கரை வயதில் அனிதா, அக்காவுடன் சேர்ந்து மேடையில் பாடத் தொடங்கினார். லாய் சீ கொக் பகுதியில் அமைந்திருந்த லாய் யூன் கேளிக்கைப் பூங்காவின் அரங்குகளிலும், பின்னர் இரவு விடுதிகளிலும் இருவரும் கண்டோனீய இசைநாடகப் பாடல்களையும் அன்றைய மெல்லிசைப் பாடல்களையும் பாடினர். ஒரே இரவில் பல இடங்களுக்குச் சென்று பாடுவது வழக்கமாக இருந்தது. நள்ளிரவுக்குப் பின் வீடு திரும்பிக் காலையில் பள்ளிக்குச் செல்ல வேண்டியிருந்ததால் படிப்பு பாதிக்கப்பட்டது. இரவு விடுதிகளில் பாடும் பெண்களை அக்காலச் சமூகம் இழிவாகவே கருதியது. அந்த இழிவு சிறுமியான இவரையும் விட்டுவைக்கவில்லை. பதின்மூன்று, பதினான்கு வயதளவில் இவரது பள்ளிப் படிப்பு முற்றாக நின்றுபோனது.

ஓய்வின்றித் தொடர்ந்து பாடியதால் பதின்ம வயதில் இவரது குரல் நாண்களில் சிறு முடிச்சுகள் தோன்றின. மருத்துவர்கள் நீண்ட ஓய்வு தேவை என அறிவுறுத்தினர். ஆயினும் இவரது வருமானத்தைக் குடும்பம் நம்பியிருந்தமையால் இவர் பாடுவதை நிறுத்தவில்லை. இதன் விளைவாக இவரது குரல் வெகுவாகத் தாழ்ந்தது. குழந்தைத் தொழிலின் வடுவான அந்தத் தாழ்ந்த குரலே பிற்காலத்தில் பிற பாடகிகளிடமிருந்து இவரை வேறுபடுத்திக் காட்டியது.

புதுமுகப் பாடகர் போட்டி

1970களின் முற்பகுதி வரை ஹொங்கொங்கில் மாண்டரின் பாடல்களும் ஆங்கிலப் பாடல்களுமே மதிப்புடன் கேட்கப்பட்டன. நகர மக்களில் பெரும்பாலோரின் தாய்மொழியான கண்டோனீயத்தில் அமைந்த மெல்லிசைப் பாடல்கள், தொலைக்காட்சித் தொடர்களின் வாயிலாகவும் சாம் ஹுய் போன்ற பாடகர்களின் முயற்சியாலும் அதன் பின்னரே செல்வாக்குப் பெற்றன. 1980களின் தொடக்கத்தில் இவ்விசைக்குப் புதிய பாடகர்கள் தேவைப்பட்டனர்.

இந்நிலையில் டிவிபி தொலைக்காட்சியும் காப்பிட்டல் ஆர்ட்டிஸ்ட்ஸ் எனும் இசைத்தட்டு நிறுவனமும் இணைந்து 1982 இல் முதலாவது புதுமுகப் பாடகர் போட்டியை நடத்தின. ஏறத்தாழ 3,000 பேர் கலந்துகொண்ட இப்போட்டியில், பாவ்லா சுய் பாடிப் புகழ்பெற்றிருந்த ஒரு பாடலைப் பாடி அனிதா முய் முதற்பரிசு பெற்றார். அப்போது இவருக்கு வயது 18. பிற போட்டியாளர்கள் பலருக்கு மேடை புதிது. இவருக்கோ பதின்மூன்று ஆண்டு கால மேடை அனுபவம் இருந்தது.

இசை வாழ்க்கை

முதல் இசைத்தொகுப்பு 1982 இல் வெளியானது. 1983 இல் வெளியான "சிவப்பு" எனும் இரண்டாவது தொகுப்பே இவரை நட்சத்திரமாக்கியது. ஆடை வடிவமைப்பாளர் எடி லாவ் இத்தொகுப்பிற்காக இவருக்கு ஆணுடையை ஒத்த தோற்றத்தை அமைத்தார். மென்மையும் நாணமும் பாடகிக்குரிய இயல்புகளாக எதிர்பார்க்கப்பட்ட அக்காலத்தில், அகன்ற தோள்களைக் கொண்ட மேலுடையும் தாழ்ந்த குரலும் புதுமையாகத் தோன்றின. அன்று தொடங்கிய இக்கூட்டு அனிதாவின் இறுதி மேடை வரை நீடித்தது. ஒவ்வொரு தொகுப்பிற்கும் தோற்றத்தை மாற்றிக்கொண்டதால் "நூறு முகங்கள் கொண்ட அனிதா முய்" என்னும் பெயர் இவருக்கு ஏற்பட்டது. ஆங்கில ஏடுகள் இவரைக் கிழக்கின் மடோனா எனக் குறிப்பிட்டன.

1985 இல் வெளியான "கெட்ட பெண்" எனும் பாடல் ஷீனா ஈஸ்டன் பாடிய ஓர் ஆங்கிலப் பாடலின் மெட்டில் அமைந்ததாகும். ஒரு பெண் தன் விருப்பத்தை வெளிப்படையாகக் கூறும் இப்பாடல் ஹொங்கொங்கில் பெரும் வெற்றி பெற்றது. சீனப் பெருநிலத்தில் இது முறையற்றது எனக் கருதப்பட்டது. இத்தகைய துணிச்சலான ஆடல் பாடல்களுக்கு நேர்மாறாக, ஜப்பானிய இசையமைப்பாளர் கித்தாரோவின் இசையில் "நீராய் ஓடும் ஆண்டுகள்" எனும் திரைப்படப் பாடலையும் இவர் பாடினார். காலம் கழிவதைப் பற்றிய அப்பாடல், ஆட்டமும் அலங்காரமும் இன்றிக் குரலால் மட்டுமே கேட்போரைக் கவர இவரால் இயலும் என்பதை உணர்த்தியது.

டிவிபி நிறுவனத்தின் ஆண்டுப் பாடல் விருது விழாவில் 1985 முதல் 1989 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் சிறந்த பாடகி விருதை இவர் பெற்றார். ஹுங் ஹோம் பகுதியில் 1983 இல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 12,500 இருக்கைகள் கொண்ட ஹொங்கொங் கொலீசியம் அரங்கில் இவரது முதல் தொடர் நிகழ்ச்சி 1985 இன் இறுதியில் தொடங்கி 15 முறை நடைபெற்றது. 1987 - 88 இல் நடந்த தொடர் 28 இரவுகள் நீடித்தது.

1989 இல் "அந்திப் பொழுதின் பாடல்" வெளியானது. ஜப்பானிய இசையமைப்பாளர் கோஜி மக்காய்னோ அமைத்த மெட்டில் உருவான இப்பாடல், சுய் ஹார்க் இயக்கிய "எ பெட்டர் டுமாரோ 3" திரைப்படத்தில் இடம்பெற்றது. அதே மெட்டில் வேறு சொற்களுடன் பிரிசில்லா சான் பாடிய பாடலும் அதே ஆண்டில் வெளியாகிப் பெரும் வரவேற்பைப் பெற்றது. இதனால் இருவரின் இரசிகர்களிடையே கடும் போட்டி ஏற்பட்டது. ஆண்டிறுதியில் டிவிபியின் உயர்ந்த பாடல் விருது அனிதாவின் பாடலுக்குக் கிடைத்தது. இனிப் போட்டி விருதுகளை ஏற்பதில்லை என 1990 இல் இவர் அறிவித்தார்.

1991 - 92 இல் விடைபெறும் நிகழ்ச்சிகளை நடத்தி மேடையிலிருந்து விலகினார். ஆயினும் அவ்விலகல் நீடிக்கவில்லை. 1994 இல் இசைத்துறைக்குத் திரும்பினார். 1998 இல் ஹொங்கொங் வானொலி தொலைக்காட்சியின் தங்க ஊசி விருது இவருக்கு வழங்கப்பட்டது. வாழ்நாள் சாதனைக்காக வழங்கப்படும் இவ்விருதைப் பெற்றபோது இவருக்கு வயது 35 மட்டுமே.

திரைப்பட வாழ்க்கை

1984 இல் லெஸ்லி சியுங், இங்கிலாந்தில் வளர்ந்த மேகி சியுங் ஆகியோருடன் "பிஹைண்ட் த யெல்லோ லைன்" படத்தில் நடித்தார். இதற்காக ஹொங்கொங் திரைப்பட விருதுகளில் சிறந்த துணை நடிகை விருது பெற்றார். லெஸ்லி சியுங்குடனான நெருங்கிய நட்பு அவரது வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.

ஸ்டான்லி குவான் இயக்கிய "ரூஜ்" (1987) இவரது நடிப்பின் சிகரமாகக் கருதப்படுகிறது. லிலியன் லீயின் புதினத்தைத் தழுவிய இப்படத்தில், 1930களில் வாழ்ந்த கணிகை ஒருத்தியாக இவர் நடித்தார். அவளும் செல்வக் குடும்பத்து இளைஞன் ஒருவனும் அபின் உண்டு ஒன்றாக இறக்க முடிவு செய்கின்றனர். மறுவுலகில் அவன் வராததால், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அவள் ஆவியாக ஹொங்கொங்கிற்குத் திரும்பி, செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்து அவனைத் தேடுகிறாள். அவனோ இறக்காமல் பிழைத்து, செல்வம் இழந்து, திரைப்படங்களில் துணை நடிகனாக முதுமையைக் கழித்துக்கொண்டிருக்கிறான். ஹொங்கொங் 1997 இல் சீனாவிடம் ஒப்படைக்கப்படும் என 1984 இல் முடிவாகியிருந்த சூழலில், மறைந்துபோகும் நகரைப் பற்றிய படமாகவும் விமர்சகர்கள் இதனைக் கண்டனர். மேடையில் ஓயாது ஆடிய அனிதா, இப்படத்தில் அசைவுகளைக் குறைத்து, தாழ்ந்த குரலாலும் பார்வையாலும் நடித்தார். இதற்காகத் தைவானின் தங்கக் குதிரை விருதையும், ஹொங்கொங் திரைப்பட விருதையும் பெற்றார்.

நகைச்சுவையிலும் சண்டைப் படங்களிலும் இவர் திறமை காட்டினார். ஜானி டோ இயக்கிய "த ஹீரோயிக் டிரியோ" (1993) படத்தில் மிச்செல் யோ, மேகி சியுங் ஆகியோருடன் நடித்தார். "டிரங்கன் மாஸ்டர் 2" (1994) படத்தில் ஜாக்கி சானின் சிற்றன்னையாக இவர் ஆற்றிய நகைச்சுவை நடிப்பு பலராலும் பாராட்டப்பட்டது. ஆன் ஹுய் இயக்கிய "எயிட்டீன் ஸ்பிரிங்ஸ்" (1997), "ஜூலை ராப்சடி" (2002) ஆகிய படங்களில் அமைதியான, ஆழமான பாத்திரங்களை ஏற்றார்.

சமூகப் பணிகள்

1989 மே 27 அன்று, பீஜிங்கில் போராடிய மாணவர்களுக்கு ஆதரவாக ஹொங்கொங் கலைஞர்கள் ஹாப்பி வேலி குதிரைப் பந்தயத் திடலில் நடத்திய இசை நிகழ்ச்சியில் இவர் பங்கேற்றார். 1993 இல் தம் பெயரில் ஓர் அறக்கட்டளையை நிறுவினார். ஹொங்கொங் நிகழ்த்துகலைஞர் சங்கத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான இவர், பின்னர் அதன் தலைவராகவும் பணியாற்றினார்.

இளம் கலைஞர்களை வளர்ப்பதில் இவர் காட்டிய அக்கறை குறிப்பிடத்தக்கது. தம் மேடையில் ஆடிய கிராஸ்ஹாப்பர் எனும் மூவர் குழுவையும், அன்டி ஹுய் போன்ற பாடகர்களையும் முன்னுக்குக் கொண்டுவந்தார். கனடாவின் மொன்றியல் நகரில் வளர்ந்து, 1996 இல் புதுமுகப் பாடகர் போட்டியில் வென்ற டெனிஸ் ஹோவும் இவரது மாணவியாவார். தாம் சிறுவயதில் கற்றுக்கொள்ள எவரும் இல்லாமல் மேடையிலேயே பயின்றவற்றை இவர்களுக்கு அருகிலிருந்து பயிற்றுவித்தார்.

நோயும் இறுதி நிகழ்ச்சிகளும்

2000 ஆம் ஆண்டு ஏப்ரலில், சிறுவயதில் உடன் பாடிய அக்கா ஆன் முய் கருப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்தார். அதே நோய் பின்னர் அனிதாவையும் தாக்கியது. 2003 ஏப்ரல் 1 அன்று நண்பர் லெஸ்லி சியுங் தற்கொலை செய்துகொண்டார். அவ்வேளையில் ஹொங்கொங் சார்ஸ் நோயின் பிடியில் இருந்தது. நோயுற்றிருந்த நிலையிலும், சார்ஸால் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு நிதி திரட்ட மே 24 அன்று ஹொங்கொங் விளையாட்டரங்கில் நடைபெற்ற "1:99" இசை நிகழ்ச்சியை முன்னின்று நடத்தினார்.

2003 செப்டம்பர் 5 அன்று, தமக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் உள்ளதைப் பொதுமக்களுக்கு அறிவித்தார். நவம்பர் 6 முதல் 11 வரையும், 14, 15 ஆகிய நாட்களிலும் ஹொங்கொங் கொலீசியத்தில் எட்டு நிகழ்ச்சிகளை நடத்தினார். உடல் மிகவும் மெலிந்திருந்தபோதிலும் ஒவ்வொரு இரவும் பாடினார். இவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. நிகழ்ச்சியின் முடிவில், எடி லாவ் வடிவமைத்த வெண்ணிற மணமகள் உடையில் தோன்றி, தாம் மேடையையே மணந்துகொண்டதாக இரசிகர்களிடம் கூறினார். இறுதியாக "அந்திப் பொழுதின் பாடல்" பாடி, நீண்ட படிக்கட்டில் ஏறி, திரும்பிக் கையசைத்து விடைபெற்றார்.

இதன் பின் ஆறு வாரங்களில், 2003 டிசம்பர் 30 அதிகாலையில், ஹொங்கொங் மருத்துவமனை ஒன்றில் தமது 40 ஆவது வயதில் காலமானார். 2004 சனவரி 12 அன்று இறுதிச் சடங்குகள் நடைபெற்றன. அஸ்தி லாந்தாவ் தீவிலுள்ள போ லின் பௌத்த மடத்தில் வைக்கப்பட்டது.

மறைவின் பின்

சாங் யிமோ இயக்கிய "ஹவுஸ் ஆஃப் ஃபிளையிங் டாகர்ஸ்" (2004) படத்தில் இவர் நடிப்பதாக இருந்தது. தமது காட்சிகள் படமாக்கப்படும் முன்பே இவர் இறந்துவிட்டதால், இயக்குநர் வேறு நடிகையை அமர்த்தாமல் அப்பாத்திரத்தையே நீக்கிவிட்டுப் படத்தை இவருக்குக் காணிக்கையாக்கினார்.

இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் எழுதிய உயிலில், தம் சொத்தைத் தாயாருக்கு ஒரே தொகையாக அளிக்காமல், ஓர் அறங்காவல் நிதியின் வழியாக மாதந்தோறும் 70,000 ஹொங்கொங் டொலர் வழங்க ஏற்பாடு செய்திருந்தார். உறவினர் பிள்ளைகளின் கல்விக்கும் நிதி ஒதுக்கினார். தாயாரின் காலத்திற்குப் பின் எஞ்சுவது ஒரு பௌத்த அமைப்பைச் சேர வேண்டும் என்பதும் உயிலில் இருந்தது. தாயார் தொடுத்த வழக்கு பல ஆண்டுகள் நீடித்து, 2011 இல் உயில் செல்லும் என இறுதியாக முடிவடைந்தது.

2014 சூலை 18 அன்று, சிம் சா சுய் கடற்கரையிலுள்ள நட்சத்திரங்களின் சாலையில் இவரது வெண்கலச் சிலை திறந்துவைக்கப்பட்டது. இவரது வாழ்க்கையைக் கூறும் "அனிதா" எனும் திரைப்படம் லாங்மேன் லியுங் இயக்கத்தில் 2021 இல் வெளியானது. அதில் அனிதாவாக நடித்த லூயிஸ் வொங் ஹொங்கொங் திரைப்பட விருதுகளில் சிறந்த புதுமுக விருதைப் பெற்றார்.

முக்கிய திரைப்பட விருதுகள்

* 1985 – சிறந்த துணை நடிகை, ஹொங்கொங் திரைப்பட விருது (பிஹைண்ட் த யெல்லோ லைன்)
* 1987 – சிறந்த நடிகை, தங்கக் குதிரை விருது (ரூஜ்)
* 1989 – சிறந்த நடிகை, ஹொங்கொங் திரைப்பட விருது (ரூஜ்)
* 1998 – சிறந்த துணை நடிகை, ஹொங்கொங் திரைப்பட விருது (எயிட்டீன் ஸ்பிரிங்ஸ்)
* 2002 – சிறந்த நடிகை, சாங்சுன் திரைப்பட விழா (ஜூலை ராப்சடி)