ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்ட வில்லியம் டிண்டேல்

இன்று ஆங்கிலப் பைபிளை யார் வேண்டுமானாலும் வாங்கிப் படிக்கலாம். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் அந்த நிலை இல்லை. ஆயரின் அனுமதியின்றி அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கத் திருச்சபைச் சட்டம் தடை விதித்திருந்தது. அந்தத் தடையை மீறியவர் வில்லியம் டிண்டேல்.

1494ஆம் ஆண்டு வாக்கில் பிறந்த அவர், ஆக்ஸ்ஃபர்டில் பயின்று 1515இல் முதுகலைப் பட்டம் பெற்றார். ஏர் ஓட்டும் சிறுவனும் வேதத்தைத் தன் மொழியில் அறிய வேண்டும் என்பது அவர் விருப்பம். 1523இல் லண்டன் ஆயரின் ஆதரவை நாடினார், கிடைக்கவில்லை. மறு ஆண்டு ஜெர்மனிக்குப் புறப்பட்டார். 1526இல் வோர்ம்ஸ் நகரில் அவரது புதிய ஏற்பாடு அச்சாகி வெளிவந்தது. துணிப் பொதிகளில் மறைத்து இங்கிலாந்துக்குள் கொண்டுவரப்பட்ட பிரதிகளை ஆயர் எரிக்கச் செய்தார்.

எதிர்ப்பு மூண்டதற்குச் சில சொற்களும் காரணம். கிரேக்க மூலத்திலிருந்து மொழிபெயர்த்த டிண்டேல், 'சர்ச்' என்பதற்குப் பதிலாகக் 'காங்கிரிகேஷன்' என எழுதினார். மூலச்சொல் கூடியிருக்கும் மக்களைக் குறித்தது. மக்கள் மனத்திலோ 'சர்ச்' என்றால் குருமார்களே நின்றார்கள். தண்டனையாகத் தவம் செய்வதைக் குறித்த 'பெனன்ஸ்' நீங்கி, மனம் மாறுவதைக் குறிக்கும் 'ரிபென்ட்' வந்தது. 'சேரிட்டி' 'லவ்' ஆனது. 'பிரீஸ்ட்' இருந்த இடத்தில் 'சீனியர்' அமர்ந்தது. தமிழ் வேதாகமத்தில் நாம் காணும் சபை, மனந்திரும்புதல், அன்பு, மூப்பர் ஆகிய சொற்களை நினைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு புரியும்.

அறிஞர் தாமஸ் மோர் 1529இல் இச்சொற்களைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். டிண்டேல் 1531இல் பதில் எழுதினார். இருவர் எழுத்திலும் வசைக்குக் குறைவில்லை. மொழிபெயர்ப்பில் காட்டிய நிதானத்தை டிண்டேல் வாதத்தில் காட்டவில்லை.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'சீனியர்' நல்ல ஆங்கிலம் அல்ல என்பதை அவர் அந்தப் பதிலிலேயே ஒப்புக்கொண்டார். 1534இல் வந்த திருத்திய பதிப்பில் அது 'எல்டர்' ஆயிற்று. பிழை கண்டால் திருத்துமாறு 1526 பதிப்பிலேயே கற்றோரைக் கேட்டுக்கொண்டவர் அல்லவா! சரியென்று நம்பிய மற்றச் சொற்களை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

1535இல் ஆண்ட்வெர்ப்பில் ஒருவன் நண்பனைப் போல் பழகி அவரைக் காட்டிக்கொடுத்தான். பிரஸ்ஸல்ஸ் அருகே வில்வோர்டே கோட்டையில் சிறைவைக்கப்பட்டார். குளிரில் வாடிய அவர், கதகதப்பான உடையும் விளக்கும் கேட்டுக் கடிதம் எழுதினார். எல்லாவற்றுக்கும் மேலாக, எபிரேய பைபிளும் இலக்கணமும் அகராதியும் வேண்டுமென்றார். பழைய ஏற்பாட்டில் அவர் பணி இன்னும் முடியவில்லை. மதத்துரோகி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, 1536இல் கழுத்து நெரிக்கப்பட்டு எரிக்கப்பட்டார்.

மறு ஆண்டே, அவரது மொழிபெயர்ப்பைப் பெருமளவு தாங்கிய ஆங்கிலப் பைபிளுக்கு அரசர் அனுமதி கிடைத்தது. 1611இல் வந்த புகழ்பெற்ற பதிப்பு 'சர்ச்', 'சேரிட்டி' ஆகியவற்றுக்குத் திரும்பினாலும், 'எல்டரும்' 'ரிபென்டும்' அதில் நிலைத்தன.

மாணவர்களே, நாம் எழுதும் சொல்லை ஏன் தேர்ந்தோம் என்று எவர் கேட்டாலும் விடை சொல்லத் தெரிய வேண்டும். குறை இருந்தால், சுட்டியவர் எதிரியே ஆனாலும், திருத்த மனம் வேண்டும். இரண்டும் டிண்டேலிடம் இருந்தன.