பனியில் ஓடிய வீரர்

செக்கோஸ்லோவாகியா என்று முன்னர் வழங்கிய நாடு 1993ஆம் ஆண்டில் இரண்டாகப் பிரிந்தது. அதன் மொராவியப் பகுதியிலுள்ள கொப்ரிவ்னிட்சே என்னும் ஊரில், 1922ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 19ஆம் நாள், தச்சர் ஒருவரின் மகனாகத் தோன்றியவர் எமில் சாட்டோபெக். மக்கள் பலர் பிறந்த எளிய குடும்பமாதலின், பதினாறாம் அகவையிலேயே சிலின் நகரத்துப் பாட்டா காலணித் தொழிற்சாலையில் அவர் வேலைக்கு அமர்ந்தார்.

இளமையில் அவருக்கு ஓட்டத்தில் நாட்டமே இல்லை. 1941ஆம் ஆண்டில் நடந்த ஓட்டப் பந்தயமொன்றில் கலந்துகொள்ளுமாறு தொழிற்சாலையார் அவரைப் பணித்தனர். உடல்நலம் குன்றியிருப்பதாகக் கூறித் தப்ப முயன்றார். மருத்துவரோ நோய் ஏதுமில்லை என்று கூறிவிட்டார். வேறு வழியின்றி ஓடியவர், நூற்றுவரிடையே இரண்டாமவராக வந்தார்! அன்று தொட்டு ஓட்டமே அவர்தம் வாழ்வாயிற்று.

அந்நாட்டுக் குளிர்காலம் கொடியது. குளங்கள் உறையும், நிலமெல்லாம் வெண்பனி மூடும், மாலை நான்கு மணிக்கே இருள் கவியத் தொடங்கும். அத்தகைய நாளில் கணப்பருகே அமர்ந்திருக்கவே எவரும் விழைவர். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் படையில் சேர்ந்திருந்த சாட்டோபெக், அலுவல் முடிந்ததும் காட்டுவழிகளில் பனியினூடே ஓடினார். கைதட்டுவார் இல்லை, காண்பாரும் இல்லை. மெல்லிய ஓட்டக் காலணி பனியில் வழுக்கும்; கணுக்கால் பிறழவும் கூடும். ஆதலின், படைவீரர் அணியும் கனத்த பூட்ஸையே அணிந்துகொண்டார். இடையூறாகத் தோன்றிய அச்சுமையே நலம் பயந்தது. வேனில் வந்து இலேசான காலணியை அணிந்தபொழுது, கால்கள் தாமே பறப்பன போல் இருந்தன.

பயிற்சியிலும் அவர் ஒரு புதுமுறையைக் கையாண்டார். நெடுந்தொலைவை ஒரே சீராக ஓடாமல், 400 மீட்டர் விரைந்தோடுவார், சிறிது தொலைவு மெல்ல ஓடி இளைப்பாறுவார், மீண்டும் விரைவார். இவ்வாறு முதலில் இருபது முறையும், பின்னர் நாற்பது, அறுபது முறையும் ஓடினார். இன்னும் பதினைந்து கிலோமீட்டர் உளதே என்று எண்ணின், குளிரில் எவர்க்கும் உள்ளம் சோரும். அடுத்த 400 மீட்டரை மட்டும் எண்ணின் கால் எழும். விரைவை வளர்த்தற்கே அவர் இம்முறையைக் கொண்டார் எனினும், அதன் நுட்பம் இதிலும் உளது என்று கருதுகின்றேன்.

வெளியே செல்லவியலாத நாளும் வீணாகவில்லை. குளிக்கும் தொட்டியில் அழுக்குத் துணிகளை இட்டு நீர் நிரப்பி, அவற்றின்மேல் நின்ற இடத்திலேயே ஓடுவாராம். துணியும் வெளுத்தது, பயிற்சியும் நிறைவேறியது. அவர் மனைவியார் டானாவும் ஈட்டியெறிதலில் வல்லவர். கணவர் பிறந்த நாளிலேயே பிறந்தவர்.

அவர் ஓடும் தோற்றம் அழகுடையதன்று. முகம் கோணும், தலை ஒருபுறம் சாயும், அடுத்த அடியில் வீழ்ந்துவிடுவாரோ என்று கண்டோர் அஞ்சுவர். ஆயினும், 1948ஆம் ஆண்டில் இலண்டன் ஒலிம்பிக் பந்தயத்தில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் தங்கப் பதக்கம் வென்றார். 1952ஆம் ஆண்டில் ஹெல்சிங்கியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் ஆகிய இரண்டிலும் வென்றபின், அதற்குமுன் ஒருமுறையேனும் ஓடியறியாத மாரத்தான் ஓட்டத்திலும் புகுந்தார்; 42 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அத்தொலைவை 2 மணி 23 நிமிடத்தில் கடந்து முதல்வரானார். ஒரே ஒலிம்பிக்கில் இம்மூன்றையும் வென்றவர் பிறர் எவரும் இலர். டானாவும் அவ்வாண்டே தங்கம் வென்றார்.

1968ஆம் ஆண்டில் அயல்நாட்டுப் படைகள் அவர் நாட்டினுள் புகுந்தன. அச்செயலை அவர் வெளிப்படையாகக் கண்டித்தார். அதன் பயனாகப் படைப்பதவியை இழந்தார். பிராக் நகரத்து இல்லத்தை விட்டு நெடுந்தொலைவு சென்று, நிலத்தைத் துளையிடும் தொழிலாளருள் ஒருவராய் ஊர்தோறும் உழைத்தார். சில ஆண்டுகளுக்குள், தாம் முன்பு கூறியவற்றினின்று பின்வாங்கிப் பேசவும் நேர்ந்தது. அதுபற்றி அவரைக் குறை கூறுவார் உளர். அந்நெருக்கடியில் நின்றறியாத நாம் அவரை எளிதில் பழித்தல் தகாது.

2000ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், மீண்டும் குளிர் தொடங்கிய வேளையில், அவர் பிராக் நகரில் உயிர் நீத்தார். அந்நகரத்துத் தேசிய நாடக அரங்கில் அவருக்கு இறுதி மரியாதை செய்தனர்.